ரோபோவுக்கு மதுரையில் என்ன வேலை? – கடிதம்

வணக்கம் மேடம்,

திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். இசிஇ இறுதியாண்டு. முதியவர்களுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் துணைநிற்கும் ரோபோக்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து அதில்தான் பிஎச்டி செய்ய வேண்டும் என்றிருக்கிறது. வீட்டில் சிரிக்கிறார்கள். "நம்ம ஊர்ல மனுசனுக்கா பஞ்சம், துணைக்கு மெஷின் எதுக்கு" என்கிறார் மாமா. சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்திருக்கிறது. ரோபோ செய்வதில் எனக்கு ரொம்ப ஆர்வம். இங்கிருந்து இந்தத் துறைக்கு வர முடியுமா, வந்தால் பிழைக்க முடியுமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

மாமா கேட்டது நல்ல கேள்வி. 2005இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டேவிட் ஃபெயில்-சீஃபரும் மாயா மட்டாரிச்சும் இந்தத் துறைக்கு எல்லை வகுத்தபோதே, இந்த ரோபோவின் உதவி உடல் பலத்தால் அல்ல, பேச்சாலும் சைகையாலும் கூட இருப்பதாலும்தான் என்றார்கள். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு பிசியோதெரபிஸ்ட் எப்போதாவது வருவார், கையைத் தூக்கி இறக்குகிற பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டியது நோயாளிதான். மகள் சொன்னால் எரிச்சல் வரும், மருமகள் சொன்னால் சண்டையே வரும். ஆள் நிறைந்த வீட்டில்தான் இதெல்லாம் நடக்கிறது. மெஷின் நச்சரித்தால் கோபம் வராதா, வந்தால் எத்தனையாவது நாளில் வரும் என்பதைத்தான் ஆராய்கிறோம்.

முதல் வாரம் எல்லோருக்கும் வேடிக்கைதான், வேடிக்கை தீர்ந்தபிறகு நடப்பதுதான் விஷயம். 2018இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஸ்கேசலாட்டி குழு ஆட்டிசம் உள்ள 12 குழந்தைகளின் வீட்டில் ஒரு மாதம் ரோபோவை வைத்து, தினம் அரை மணி நேரம், பெற்றோரையும் கூட உட்காரவைத்துப் பார்த்தது. வெறும் 12 பேரா என்று உங்கள் துறைத்தலைவர் கேட்பார். குழந்தைகள் இருக்கிற வீட்டில் ஒரு மாதம் அது பழுதாகாமல் ஓட வேண்டுமே, அதை யோசித்திருக்க மாட்டார்.

"ரோபோ செய்வதில் ஆர்வம்" என்கிற வரிதான் எனக்கு உறுத்துகிறது. மோட்டாரும் சர்க்யூட்டும் இதில் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீடியோவைப் போட்டு நோயாளி எப்போது முகத்தைத் திருப்பினார் என்று நொடி நொடியாகக் குறிப்பது, நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுவது, புள்ளியியல். பல சோதனைகளில் ரோபோ தானாகப் பேசுவதுகூட இல்லை, பக்கத்து அறையில் ஒரு மாணவர் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருப்பார். (அந்த மாணவர் நீங்கள்தான்.)

ஊரைப் பற்றிக் கவலை வேண்டாம். வயநாட்டில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் கைகழுவும் இடத்துக்கு மேலே, கை வடிவில் செய்து கண்கள் வைத்த பெப்பே என்ற ரோபோவை மாட்டி, பிள்ளைகள் ஒழுங்காகக் கைகழுவுகிறார்களா என்று பார்த்தார்கள், அம்ரிதா பல்கலைக்கழகமும் பிரிட்டனின் கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் சேர்ந்து. உசிலம்பட்டிப் பாட்டி ஒருவர் எந்த மாதிரிக் குரலுக்கு இணங்குவார், எதற்கு "போடா" என்பார் என்று அமெரிக்காவில் உட்கார்ந்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பிழைப்பு? கம்பெனிகளை நம்பி வராதீர்கள். ஜிபோ என்ற வீட்டு ரோபோவை இயக்கிய சர்வர்களை நிறுத்தப்போவதாக 2019இல் அறிவித்தார்கள். குழந்தைகளுக்கான மாக்ஸி ரோபோவைச் செய்த எம்பாடிட், 2024 டிசம்பரில் மூடப்போவதாக அறிவித்தது. மட்டாரிச்சே இணைநிறுவனராக இருந்த கம்பெனி அது. பேசிப் பழகிய பொம்மை இனி பேசாது என்பதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வதென்று பெற்றோர்கள் தவித்தார்கள். பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரே நாளில் முடிவதில்லை, ஆனால் காசு குறைவு: இங்கே ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. கூடப் படித்தவன் கார் வாங்குவான், பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வேலையை இப்போதே மறுக்காதீர்கள். ஜாயினிங் தேதி வருவதற்குள் மதுரையில் ஏதாவது ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் அனுமதி கேட்டு ஒரு மாதம் ஓரமாக உட்காருங்கள். யார் எந்தப் பயிற்சியில் நிறுத்துகிறார்கள், யார் என்ன சொன்னால் மறுபடி தொடங்குகிறார்கள் என்று பெயர் போடாமல் எழுதிவையுங்கள். பேராசிரியர்களுக்கு மெயில் எழுதும்போது "சிறுவயது முதலே ரோபோக்கள் மீது ஆர்வம்" என்று தொடங்காமல் இதிலிருந்து தொடங்கினால் படிப்பார்கள். அந்த ஒரு மாதத்திலேயே அலுத்துவிட்டால் பேசாமல் சாப்ட்வேர் வேலைக்குப் போய்விடுங்கள், அதில் ஒரு தப்பும் இல்லை.