குடும்ப குரூப்பில் சண்டை, இரவில் ரீல்ஸ்: எதை நிறுத்துவது, எதை விட்டுவைப்பது?

கேள்வி: அப்பா ஓய்வுபெற்ற பிறகு பேப்பரை நிறுத்திவிட்டார். செய்தியெல்லாம் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும்தான். வருவதை அப்படியே எங்கள் சொந்தக்கார குரூப்பில் தட்டிவிடுகிறார். போன மாதம் அவர் போட்ட ஒரு நியூஸ் கார்டு பொய் என்று என் கணவர் அங்கேயே எழுதிவிட்டார். 'மாப்பிள்ளைக்கு மரியாதை தெரியவில்லை' என்று பெரியப்பா குரூப்பைவிட்டே போய்விட்டார். அப்பாவைச் சொல்லும் நானும் யோக்கியம் இல்லை, இரவு பதினொன்றரை வரை ரீல்ஸ் பார்க்கிறேன். பேசாமல் எல்லா ஆப்பையும் அழித்துவிடலாமா? - ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்:

அழிக்க வேண்டாம். அழித்தால் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2018இல் அமெரிக்க இடைக்காலத் தேர்தலுக்கு முன்பு, ஸ்டான்ஃபோர்ட், நியூயார்க் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த பொருளியல் ஆய்வாளர்கள் ஒரு கூட்டத்தாரைப் பணம் கொடுத்து நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கி வைக்கச் செய்தார்கள். சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிலை கொஞ்சம் தேறியது, அரசியல் கசப்பும் குறைந்தது. ஆனால் நாட்டு நடப்பைப் பற்றிய கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்வதும் குறைந்தது. ஏனென்றால் பலருக்குச் செய்தி வரும் வழியே அதுதான்.

உங்கள் வீட்டுச் சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. செய்தி, சொந்தபந்தம், பொழுதுபோக்கு மூன்றும் ஒரே திரையில் கலந்து கிடக்கின்றன. கல்யாணத் தேதி கேட்க குரூப்பைத் திறந்தால் அரசியல் கார்டு நிற்கிறது. தோழியின் குழந்தைப் படம் பார்க்க இன்ஸ்டாகிராமுக்குள் போனால் ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. மூன்றுக்கும் தனித்தனி வழி வைத்துவிட்டால் பாதித் தொல்லை ஓயும்.

முதலில் அந்த நியூஸ் கார்டு. தமிழில் பொய்ச் செய்தி அதிகம் பூண்டுகொள்ளும் வேஷம் இதுதான். பெயர்பெற்ற ஒரு தொலைக்காட்சியின் கார்டை எடுத்து, லோகோ, நிறம், தலைவரின் படம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, நடுவில் உள்ள வாசகத்தை மட்டும் மாற்றிவிடுவார்கள். கார்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். சேனலின் வழக்கமான எழுத்துருவுக்கும் இந்த வாசகத்தின் எழுத்துருவுக்கும் வித்தியாசம் இருக்கும். வரிகளின் இடைவெளி சீராக இருக்காது. எழுத்துக்குப் பின்னால் பழைய வாசகத்தை அழித்த இடம் திட்டாகத் தெரியும். மூலையில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சேனலின் ஃபேஸ்புக் பக்கத்தில் அதே தேதிக்குப் போய்த் தேடுங்கள். அங்கே அதே கார்டு வேறு வாசகத்தோடு இருந்தால் விஷயம் முடிந்தது. தேதியே இல்லாத கார்டை நம்ப வேண்டிய அவசியம் இல்லை. பொய்யர்கள் இப்போது எழுத்துருவையும் சரியாகப் போடக் கற்றுக்கொண்டார்கள் என்பதால், பார்வைக்குச் சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து ஒரு கார்டை உண்மை என்று முடிவு கட்டக் கூடாது. சேனல் பக்கத்தில் அதே கார்டு இருக்கிறதா என்பதே கடைசிச் சோதனை.

படமாக இருந்தால் கூகுள் லென்ஸில் கொடுத்தால் அது இதற்கு முன் எங்கெல்லாம் வந்திருக்கிறது என்று காட்டும். வீடியோவை அப்படிக் கொடுக்க முடியாது. கடைப் பலகை, பேருந்தின் எண், காவலரின் சீருடை போன்ற ஏதாவது தெளிவாகத் தெரியும் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைக் கொடுங்கள். ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் விடை கிடைக்காவிட்டால் வேறு இரண்டு இடத்தில் எடுத்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், இப்படிப் பரவும் வீடியோ பெரும்பாலும் எங்கோ எப்போதோ எடுத்ததாகவே இருக்கும், கூடவே ஒட்டிய கதைதான் பொய். 2018இல் இந்தியா முழுக்கச் சுற்றிய 'பிள்ளை பிடிக்கிறவர்கள்' வீடியோவை நினைவிருக்கும். பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். சிறுவனைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, கையில் அட்டை பிடித்துக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள். இப்படிப்பட்ட வதந்திகள் ஊர் ஊராய்ப் பரவியிருந்த அந்த மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தில் 65 வயது மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊரார் பிள்ளை பிடிக்கிறவர் என்று நினைத்து அடித்ததில் இறந்துபோனார். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குவதாக வந்த வீடியோக்களும் இதே ரகம். சம்பந்தமில்லாத சண்டைக் காட்சிகளுக்குப் புதுத் தலைப்பு ஒட்டியிருந்தார்கள். உண்மை நிலவரம் பார்க்க பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்ப வேண்டி வந்தது.

நீங்களே தேடுவதற்குள் வேறு யாராவது தேடி முடித்திருக்க வாய்ப்பு உண்டு. யூடர்ன் போன்ற தமிழ் உண்மை சரிபார்ப்புத் தளங்களில் கார்டின் முக்கியச் சொற்களைத் தமிழிலேயே போட்டுத் தேடுங்கள். மாநில அரசின் திட்டம், அறிவிப்பு என்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது, மத்திய அரசு சம்பந்தப்பட்டதற்கு அதன் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் சரிபார்ப்புப் பிரிவு. இவை இரண்டும் அரசின் கை என்பதை மறக்காமல் படியுங்கள். அப்படி ஒரு அறிவிப்பு வந்ததா இல்லையா என்பதற்கு இவற்றை நம்பலாம், அரசின்மீது வரும் விமர்சனம் சரியா தவறா என்பதற்கு அல்ல. மழைக்காலத்தில் 'நாளை பள்ளி விடுமுறை' என்று வருவதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். அதை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். உங்களுக்குத் தஞ்சாவூர் ஆட்சியரின் அதிகாரபூர்வப் பக்கத்தில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் குழந்தைக்கு டிபன் கட்டிவிடுங்கள்.

வாட்ஸ்அப்பே ஒரு துப்பு தருகிறது. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். 2020 ஏப்ரலில் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. ஓட்டையும் இருக்கிறது: யாராவது வாசகத்தைக் காப்பி செய்து புதிதாக ஒட்டினால் அம்புக்குறி மறைந்துவிடும், சித்தப்பாவே எழுதியது போல வந்து நிற்கும். அதனால் இரட்டை அம்பு இருந்தால் சந்தேகப்படலாமே தவிர, இல்லை என்பதற்காக நம்பக் கூடாது.

இனி அப்பா. அவர் அனுப்புவது செய்தி பரப்புவதற்காக மட்டும் அல்ல. வேலையில் இருந்தவரை நாலு பேர் வந்து கேட்டுக்கொண்டு இருந்தார்கள். இப்போது குரூப்பில் ஒரு கார்டு போட்டால்தான் நான்கு கட்டைவிரல் வருகிறது. அந்தக் கார்டை எல்லார் முன்னிலையிலும் பொய் என்றால், கார்டை விட்டுவிட்டு அவரைத்தான் அடித்த மாதிரி ஆகும். உங்கள் கணவர் சொன்ன விஷயம் சரி, சொன்ன இடம்தான் தப்பு. அடுத்த முறை தனியாக அழைத்துப் பேசுங்கள். 'அப்பா, நீங்க அனுப்பினதைப் பார்த்தேன், அந்தச் சேனல் பக்கத்துல வேற மாதிரி இருக்கே, கொஞ்சம் பாருங்களேன்' என்று இரண்டு படத்தையும் அவருக்கு மட்டும் அனுப்புங்கள். அவரே குரூப்பில் 'முன்பு போட்டது சரியில்லை' என்று எழுதினால் அவர் மரியாதை கூடும். அழிக்க விரும்பினால், அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும் வரை 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' வேலை செய்யும். அதற்குள் யாராவது ஃபார்வர்ட் செய்திருந்தால் அந்தப் பிரதி அழியாது.

பேப்பரைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். இது பழமைப் பேச்சு இல்லை. பேப்பருக்குக் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு, தப்பாகப் போட்டால் பதில் சொல்ல ஆசிரியர் உண்டு. அவர் கையில் காலையில் அது இருந்தால் யூடியூபின் பிடி தானாகவே தளரும்.

யூடியூபில் அவருக்குத் திரும்பத் திரும்பக் கோபமூட்டும் சேனல்களே வருவது தற்செயல் அல்ல. எதைப் பார்த்து நின்றாரோ, அதைப் போன்றதையே அடுத்து வைக்கும். எந்தப் பதிவை முன்னால் காட்டுவது என்ற கணக்கில், ஃபேஸ்புக் 2017இல் எமோஜிகளுக்கு லைக்கைப்போல ஐந்து மடங்கு மதிப்பு கொடுத்தது, கோபமுகத்துக்கும்தான். கோபமுகம் குவியும் பதிவுகளில் பொய்த் தகவல் அதிகம் என்று அவர்களே கண்ட பிறகு அதன் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினார்கள். யூடியூபில் உங்கள் கையில் இருப்பது இவ்வளவு: வீடியோவுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு 'இந்தச் சேனலைப் பரிந்துரைக்க வேண்டாம்' என்பதைக் கொடுங்கள். ஆட்டோபிளேயை அணையுங்கள். இன்னும் கடுமையான வழி, செட்டிங்ஸில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்துவது. நிறுத்தினால் மட்டும் போதாது, பழைய ஹிஸ்டரியையும் அழிக்க வேண்டும். அப்போதுதான் முகப்பு காலியாகும். அவர் சப்ஸ்கிரைப் செய்தவை மட்டும் தனி டேபில் கிடைக்கும். இதை அவருக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். 'போன் கெட்டுப்போச்சு' என்று கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பழையபடி ஆக்கிவிடுவார்.

குரூப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று சுபகாரியம், துக்கம், ஊர்த் திருவிழா அறிவிப்புக்கு மட்டும்: குரூப் பெர்மிஷன்ஸில் போய் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று வைத்து, மூத்தவர்கள் இரண்டு பேரை அட்மின் ஆக்குங்கள். அதில் ஒருவர் பெரியப்பாவாக இருக்கட்டும். இன்னொன்று அரட்டைக்கு. பிடிக்காதவர்கள் அதை 'ஆல்வேஸ்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடலாம், வெளியேறிப் பகையாக வேண்டாம். இப்போது யாராவது விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனாலும் விலகியவர்களின் பட்டியல் 60 நாள் வரை குரூப் விவரத்தில் இருக்கும், சொந்தக்காரர்கள் அதைத் தேடிப் பார்க்காமல் விடுவார்களா என்ன. பெரியப்பாவைத் திரும்பச் சேர்க்க இன்வைட் லிங்க் அனுப்பாதீர்கள். உங்கள் கணவரும் நீங்களும் நேரில் போய், செய்தியைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். லிங்க் அதற்கு அப்புறம்.

அட்மினாக இருக்கப் பலர் பயப்படுகிறார்கள். கரூர் வழக்கறிஞர் குரூப் ஒன்று தொடர்பான வழக்கில் 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, வெறும் அட்மினாக இருந்ததைத் தவிர வேறு பங்கில்லை என்றால் அவர் பெயரை வழக்கிலிருந்து நீக்க வேண்டும் என்றது. ஆனால் அனுப்பியவர் தப்ப முடியாது. 'படிக்காமல் ஃபார்வர்ட் செய்துவிட்டேன்' என்ற வாதத்தை 2023இல் இதே உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லலாம். மகள் சொல்வதைவிடக் கோர்ட் சொல்வது அவருக்கு எடுபடும்.

இப்போது உங்கள் பதினொன்றரை மணி. முதலில் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் அளவெடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸுக்குள் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். எத்தனை மணி நேரம் என்பதைவிட, எத்தனை முறை போனைத் திறந்தீர்கள், எந்த ஆப் எத்தனை நோட்டிஃபிகேஷன் அனுப்பியது என்ற இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் கை போவது அழைப்பு வந்து அல்ல, பழக்கத்தில். மனிதர்கள் அனுப்புவதற்கு மட்டும் நோட்டிஃபிகேஷனை விட்டுவைத்து, ஆப் தானாக அனுப்பும் 'உங்களுக்காக' வகையறாக்களை அணைத்துவிடுங்கள்.

ஆப் டைமர் வைப்பதுதான் எல்லாரும் சொல்லும் யோசனை. அது பலருக்கும் பலிக்காது. நேரம் முடிந்ததும் கூட்டிக்கொள்ள இரண்டு தட்டு போதும், நள்ளிரவில் கணக்கு புதிதாகவும் தொடங்கிவிடும். இதைவிடப் பலன் தருவது தூரம். சார்ஜரைக் கூடத்தில் வையுங்கள், படுக்கையறையில் ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வையுங்கள். 'அலாரத்துக்காக' என்ற சாக்கு போய்விட்டால் போன் அறைக்குள் வரக் காரணமே இருக்காது. இன்ஸ்டாகிராமில் மேலே 'இன்ஸ்டாகிராம்' என்று இருக்கும் பெயரைத் தொட்டு 'ஃபாலோயிங்' தேர்ந்தெடுத்தால் நீங்கள் பின்தொடர்பவர்களின் பதிவு மட்டும் நேர வரிசையில் வரும், ஓரிடத்தில் முடிந்தும் போகும். ஆனால் ஆப்பை மூடித் திறந்தால் பழையபடி ஆகிவிடும், ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கன்டென்ட் பிரிஃபரன்சஸில் பரிந்துரைப் பதிவுகளை 30 நாள் ஒத்திவைக்கலாம். ரீல்ஸ் டேப் அதற்குக் கட்டுப்படாது.

கணவன் மனைவிக்குள் 'பார்த்துட்டு ஏன் பதில் போடலை' என்ற பிரச்சினை இருந்தால், வாட்ஸ்அப்பில் ரீட் ரெசிப்ட்டை அணைத்து நீல டிக்கை நிறுத்தலாம். உங்களுக்கும் மற்றவர்களின் நீல டிக் தெரியாது. குரூப்பிலும் வாய்ஸ் மெசேஜிலும் அது நிற்காது.

கடைசியாக, நீங்கள் கேட்காவிட்டாலும் ஒன்று. குடும்ப குரூப்பில் கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் .ஏபிகே என்று முடியும் கோப்பு வந்தால் யார் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் வரும். ஏபிகே என்பது போனில் நிறுவும் செயலி, நிறுவினால் மோசடிக்காரர்கள் ஓடிபி எஸ்எம்எஸ்ஸைப் படித்துப் பணத்தை எடுத்துவிடுவார்கள். அனுப்பிய சொந்தக்காரரின் போன் ஏற்கெனவே அவர்கள் பிடிக்குப் போயிருக்கலாம், அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதாமல் சாதாரண அழைப்பில் சொல்லுங்கள். அப்பா தவறிப்போய் நிறுவிவிட்டால் உடனே போனின் இணையத்தை அணைத்து, வேறொரு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம், அதனால் வீட்டில் யாராவது வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். எடுத்த தொகை, நேரம், பரிவர்த்தனை எண் மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு பேசுங்கள்.