3/40 என்று எழுதிய அச்சோவியத்துக்குக் கூடுதல் விலையா?

கேள்வி: வேலூரில் ஓர் ஓவியக் கண்காட்சியில் லினோ அச்சோவியம் (லினோலியப் பலகையில் செதுக்கி, மை தடவித் தாளில் ஒற்றுவது) ஒன்றைப் பார்த்தேன். மலைகள் காவி நிற முக்கோணங்கள், பாலாறு நேரான மணல்நிறப் பட்டை. கீழே பென்சிலில் 3/40 (40 பிரதிகளில் 3-ஆம் எண்) என்று இருந்தது. விலை 6,000 ரூபாய். எண் சிறியது, அதனால் விலை கூடுதல் என்றார் விற்பவர். “கம்ப்யூட்டரில் அடித்த நாலு முக்கோணத்துக்கு இவ்வளவா?” என்கிறார் என் கணவர். வாங்கலாமா?
– வாசகி, காட்பாடி

பதில்: கம்ப்யூட்டர் என்ற சந்தேகம் நியாயமானதுதான். நேர்கோடும் சீரான வண்ணமும் கொண்ட படத்தை இயந்திரத்தில் நகலெடுத்துக் கையச்சு என்று விற்பது எளிது. பென்சில் எண்ணையும் கையெழுத்தையும் நகலின் மீதும் போட்டுவிடலாம்.

பூதக்கண்ணாடி கொண்டுபோங்கள். வண்ணப் பரப்பு பொடிப்பொடிப் புள்ளிகளாகப் பிரிந்தால் அது இயந்திர அச்சு. லினோவில் உருளையால் மை தடவி ஒற்றுவதால் அப்படிப் பிரியாது. முக்கோணமும் பட்டையும் சந்திக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். கையச்சு என்றால் ஒரு வண்ணம் மற்றதன் மேல் மயிரிழை ஏறியிருக்கலாம், அல்லது நூலளவு வெள்ளை விட்டிருக்கலாம். விளிம்பில் மை சற்றுத் தடித்து நிற்கும். சட்டத்தைக் கழற்றிக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள்.

சிறிய எண்ணுக்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகத் தராதீர்கள். லினோவில் 3-க்கும் 33-க்கும் தரத்தில் வேறுபாடு இருக்கக் கூடாது. எண் அச்சான வரிசையில்தான் இருக்கும் என்பதும் இல்லை. ‘ஏ/பி’ என்று குறித்தவை ஓவியர் தமக்கென வைத்துக்கொள்பவை, 40-இல் சேராதவை. அவை எத்தனை என்று கேளுங்கள். ஒரே பலகையை வண்ணத்துக்கு வண்ணம் மேலும் செதுக்கி அச்சிட்டதா என்றும் கேளுங்கள். ஆம் என்றால் முந்தைய வண்ணத்துக்கான பரப்பு பலகையில் மிஞ்சியிருக்காது, அதைக் கொண்டு மறுபடி அச்சிடவே முடியாது. அந்த உழைப்புக்கு 6,000 தாராளமாகக் கொடுக்கலாம்.

‘நாலு முக்கோணம்’ என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நம் ஊர் மொட்டைப் பாறை மலைகளில் எதை விட்டு எதை வைப்பது என்று முடிவெடுப்பதுதான் இங்கே ஓவியரின் வேலை. பார்த்ததும் வேலூர் என்று உங்களுக்குத் தெரிந்ததே!

பில்லில் ஓவியர் பெயர், அச்சு முறை, மொத்தப் பிரதிகள் மூன்றும் இருக்கட்டும். பிறகு பொய் என்று தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் 2 ஆண்டுகளுக்குள் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை.

சட்டமிடும்போது கண்ணாடி, அச்சோவியத் தாளில் ஒட்டக் கூடாது, பின்னட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் சுவரில் மாட்டாதீர்கள்.