கிரானைட் ஏன் மின்னவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

கற்களைப் பொடியோடு சுழற்றி மெருகேற்றும் இயந்திரம், ஒன்றரைக் கிலோ கொள்ளும் சுழல் டம்ப்ளர் வைத்திருக்கிறேன். அகேட், ஜாஸ்பர் போன்ற கற்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி வந்தன. அந்தத் தைரியத்தில் கிரானைட் துண்டுகளைப் போட்டேன். 60/90 என்ற கரடுப் பொடியில் மூன்று வாரம் திறக்காமல் ஓட்டினேன். பிறகு அதைவிட நைசான 150/220, 500, கடைசியில் மெருகுப்பொடியாக அலுமினியம் ஆக்சைடு, ஒவ்வொன்றும் ஒரு வாரம். ஈரத்தோடு பார்த்தால் ஜொலிக்கிறது, காய்ந்தால் சாம்பல் பூத்துவிடுகிறது. கறுப்புப் புள்ளி இருந்த இடமெல்லாம் குழி. மெருகுப்பொடி மட்டமானதா? கிரானைட் பலகைகள் மட்டும் எப்படி அப்படி மின்னுகின்றன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

புதுப் பொடி வாங்காதீர்கள். தவறு பாதி கல்லில் இருக்கிறது, மீதி அந்த முதல் மூன்று வாரத்தில்.

அகேட் முழுக்க ஒரே பொருள். எங்கே தேய்த்தாலும் ஒரே மாதிரி தேயும். கிரானைட் அப்படியல்ல, அது பல கனிமங்களின் கூட்டுக்குடும்பம். 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6 முதல் 6.5. நீங்கள் சொல்லும் கறுப்புப் புள்ளி பெரும்பாலும் பயோட்டைட் என்ற கறுப்புக் காக்காப்பொன்; அது 2.5 முதல் 3 வரைதான், ஊசி முனையால் ஏடு ஏடாகக் கிளம்பிவிடும். டம்ப்ளருக்குள் பொடி கட்டற்று உருள்கிறது. மெத்தென்ற இடத்தைத் தேடிப் போய் அரிக்கும். காக்காப்பொன் கரைந்து குழியானதும் பக்கத்து ஃபெல்ஸ்பாரின் விளிம்புக்குத் தாங்கல் போய்விடுகிறது. ஃபெல்ஸ்பாருக்கு ஏறக்குறைய செங்கோணத்தில் இரண்டு பிளவுத்தளங்கள் உண்டு, ஒரு இடி பட்டாலே சில்லு தெறிக்கும். தெறித்த சில்லு சேற்றில் கலந்து மற்றக் கற்களைக் கீறும். காய்ந்ததும் தெரிகிற சாம்பல் நிறம் இந்த நுண்கீறல்கள்தான். தண்ணீர் அவற்றை நிரப்பி மறைக்கிறது. அதனால் ஈரக்கல்லைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

பலகைக்கு வருகிறேன். அங்கே வைரத்துகள் பதித்த தட்டை வட்டு தேய்க்கிறது. வட்டு கடினமான மணிகளின் மேல் உட்கார்ந்து நகர்கிறது, குழிக்குள் இறங்க அதற்கு வழியில்லை. நுண்துளைகளைப் பல நேரம் பிசினால் வேறு நிரப்பிவிடுகிறார்கள். இன்னொன்று, ‘கறுப்பு கிரானைட்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி கேப்ரோ அல்லது டோலரைட் என்ற வேறு பாறைகள். புவியியலாளர் அதை கிரானைட் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். உங்கள் கல்லை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

ஆகவே முதல் வேலை கல் பொறுக்குவது. மணிகள் சிறியதாக, நெருக்கமாக, காக்காப்பொன் குறைவாக இருக்கும் கல்லை எடுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் காக்காப்பொன் அல்ல. ஊசியால் நெம்பிப் பாருங்கள். மின்னும் ஏடு பெயர்ந்தால் பயோட்டைட், கல்லை ஒதுக்குங்கள். பெயராமல் இறுகி நின்றால் ஹார்ன்பிளெண்ட் என்ற வேறு கறுப்புக் கனிமமாக இருக்கலாம். அதன் கடினம் 5 முதல் 6, சமாளிக்கலாம். ஃபெல்ஸ்பார் சுண்ணாம்புபோல் வெளுத்து, நகம் பட்டால் மணி உதிர்கிற கல் தோட்டத்துக்குத்தான் லாயக்கு. பிறகு கல்லை நனைத்து எடுத்து, காய்வதைக் கவனியுங்கள். முகம் காய்ந்த பின்னும் முடி இழைபோல ஒரு கறுப்புக் கோடு ஈரமாகவே நின்றால் அது விரிசல். அந்தக் கல் நடுவழியில் உடைந்து மொத்தச் சுற்றையும் கெடுக்கும்.

இப்போது அந்த மூன்று வாரம். 60/90 சிலிக்கான் கார்பைடு ஏறக்குறைய ஏழு நாளில் நொறுங்கிச் சேறாகிவிடும். மீதி இரண்டு வாரம் உங்கள் கற்கள் சேற்றில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு இருந்தன, அவ்வளவுதான். ஏழாம் நாள் திறந்து, கழுவி, பிரித்து, தேறாததைப் புதிய பொடியோடு திரும்பப் போடுங்கள். கல் சுழலும் ஒன்றரைக் கிலோ பேரலுக்குப் பொடி தலைதட்டி 4 மேசைக்கரண்டி போதும். கிரானைட்டுக்கு இப்படி இரண்டு முதல் நான்கு சுற்று பிடிக்கும். ஒரு கல் தயாராகவில்லை என்றால் அடுத்த கட்டத்துக்கு அனுப்பாதீர்கள், இதில் தாட்சண்யம் கூடாது.

பேரல் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் முக்கால் பங்குக்கு மிஞ்சாமலும் நிரம்பியிருக்க வேண்டும். தண்ணீர், மேல் அடுக்குக் கல்லுக்குச் சற்றுக் கீழே வரை. காதைக் கொடுத்துக் கேளுங்கள்: சரசரவென்று ஒரே சீராக ஓடினால் சரி. கட கடவென்று தனித்தனியாகக் கேட்டால் கற்கள் வழுக்காமல் விழுகின்றன, ஒவ்வொரு விழுகையும் ஃபெல்ஸ்பாருக்கு ஒரு அடி. தேயத் தேய மட்டம் இறங்கும். அதைச் சின்னதும் பெரியதுமான பீங்கான் உருளைகளால் ஈடுகட்டுங்கள். 500-க்கு வரும்போது மூன்றில் ஒரு பங்காவது பீங்கான் இருக்கட்டும். அகேட்டை இதோடு சேர்த்துப் போடாதீர்கள்.

500 பொடிக்கு ஒரு வாரம் போதாது, இரண்டு வாரம் கொடுங்கள். மெருகின் பாதி வேலை இங்கேயே முடிகிறது. கல்லைத் துடைத்துக் காயவைத்து விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். பட்டுத்துணிபோல மங்கலான மினுக்கம் வந்திருக்க வேண்டும். கீறல் தெரிந்தால் 150/220-க்குத் திரும்புவதைத் தவிர வழியில்லை.

கழுவுவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குழியில் மாட்டிய 60/90 பொடியின் ஒரே ஒரு துகள், மெருகு வாரத்தில் கழன்று வந்தால் அத்தனையும் பாழ். ஒவ்வொரு கல்லையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு சீவிய சோப்பும் தண்ணீரும் மட்டும் விட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். மூடியின் பள்ளத்தையும் துடையுங்கள். மெருகுக்குத் தனி பேரல் வைத்துக்கொள்வது உத்தமம். அங்கேயும் 4 கரண்டி, ஏழு முதல் பத்து நாள். அதிர்வு டம்ப்ளர் கிடைத்தால் கரடுப் பொடியைச் சுழல் டம்ப்ளரிலும் மற்றவற்றை அதிலும் ஓட்டலாம். இடி குறையும், வாரக் கணக்கு நாள் கணக்காகும். ஆனால் தண்ணீர் வற்றுகிறதா என்று தினமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

சேற்றைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாயில் சிமெண்ட்போல இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, நீரை இறுத்து, ஈரம் காய்வதற்குள் பையில் கட்டி எறியுங்கள். காய்ந்த சிலிக்காத் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

கையிலிருக்கும் கற்களைத் திரும்பவும் 60/90-இல் போட்டால் குழி போகாது, அடியிலிருந்து புதுக் காக்காப்பொன் வெளிவந்து புதுக் குழி விழும். அவற்றில் குழி குறைவானவற்றைப் பொறுக்கிச் சுத்தமாகக் கழுவி, பீங்கானோடு 150/220-இல் ஒரு வாரமும் 500-இல் இரண்டு வாரமும் ஓட்டிவிட்டு மெருகுக்குக் கொண்டுபோங்கள். குழி இருக்கும், சுற்றியுள்ள குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் காய்ந்த பின்னும் மின்னும்.