ஒபோனுக்கு அடுத்த வருடம் யார் போவது?

கேள்வி: டோக்கியோவில் வேலை செய்கிறேன். ஊர் காயல்பட்டினம். உடன் வேலை பார்க்கும் ஜப்பானியப் பெண் கலிமா சொல்லி இஸ்லாத்துக்கு வந்து என்னை நிக்காஹ் செய்யச் சம்மதித்துவிட்டாள். உம்மாதான் பிடிவாதமாக மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பெண் வீட்டில் பிரச்சினை இல்லை, இன்னும் சொல்லவில்லை. ஒரே மகள். முன்னோரை நினைக்கும் பண்டிகையான ஒபோனுக்குச் சொந்த ஊரான ஒகயாமா போய்க் குடும்பக் கல்லறையைக் கழுவிவிட்டு வருவாள், அவ்வளவுதான்.

பதில்: தம்பி, உம்மாவை அப்புறம் பார்ப்போம். அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பொறுக்கவில்லை.

ஜப்பானில் இறந்தவரை எரித்து, எலும்பைக் குடும்பக் கல்லறையில் வைப்பார்கள். தாத்தா, பாட்டி எல்லாரும் ஒரே கல்லுக்கு அடியில். அதைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டில் இவள் ஒருத்திதான். முஸ்லிமானபின் இவளை எரிக்க முடியாது, மண்ணில்தான் அடக்கம் செய்ய வேண்டும். பெற்றவர்களோடு அந்தக் கல்லுக்கு அடியில் இவளுக்கு இடமில்லை. அங்கே முஸ்லிம்களை அடக்கம் செய்யும் கபர்ஸ்தான் கிடைப்பதே அரிது. ஓய்தா மாநிலத்து ஹிஜியில் ஒன்று அமைக்கப் போய், ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். இதையெல்லாம் அவளிடம் பேசினீர்களா? சொல்லாத வீட்டில் பிரச்சினை எப்படி வரும்?

ஜப்பானியர் இஸ்லாத்துக்கு வந்த வழிகள் பல. யமஓகா மித்சுதாரோ 1909-ல் ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் பம்பாயில் முஸ்லிமானார். சீனாவில் முஸ்லிம்களோடு பழகி மார்க்கத்துக்கு வந்த மீதா ரியோஇச்சி, குர்ஆனையே மொழிபெயர்த்து 1972-ல் வெளியிட்டார். கல்யாணத்தின் வழியாக வந்த பெண்கள்தான் அதிகம். 1980களில் வேலை தேடி வந்த பாகிஸ்தானியரையும் ஈரானியரையும் மணந்தவர்கள் அவர்களில் நிறைய. அந்த வழியை நான் குறைவாக நினைக்கவில்லை. கல்யாணத்துக்காகக் கலிமா சொல்லி, பிறகு தானே ஓதிப் படித்துப் பிடிப்போடு வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் புருஷன் கலிமாவை நிக்காஹுக்கு முந்தைய கையெழுத்தாக நினைத்தால், அவள் பாதி வழியில் தனியாக நிற்பாள்.

பெற்றோர் வேறு மார்க்கத்தில் இருந்தாலும் அவர்களோடு நல்லபடி நடக்கச் சொல்கிறது குர்ஆனின் லுக்மான் சூரா. அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியாமல் மகளைக் கூட்டிக்கொண்டு போவது அதில் எங்கே சேரும்? உங்கள் உம்மாவின் கண்ணீர் தெரிகிற உங்களுக்கு அந்த அம்மா தெரியவில்லையே!

ஆகஸ்டு நடுவில் ஒபோன். ரயிலில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், இப்போதே இருவருக்கும் எடுங்கள். கல்லறையில் எது கூடும், எது கூடாது என்று மார்க்கம் படித்த ஒரு ஆலிமிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒகயாமாவில் அவள் அப்பா முன் உட்கார்ந்து, அடக்கம் உட்பட எல்லாவற்றையும் நீங்களே சொல்லுங்கள். அவர் கோபப்பட்டால் எழுந்து வராதீர்கள். அதன்பிறகும் அவள் கலிமா சொல்ல விரும்பினால் உம்மாவுக்குப் போன் போடுங்கள்.