பயிற்சி என்று முடியும் என்று கேளுங்கள்

கேள்வி: என் மகனுக்கு வயது 24. அறிவுசார் குறைபாடு, சான்றிதழில் 60 சதவீதம். சிறப்புப் பள்ளியை விட்டபின் ஆறு ஆண்டுகளாக வீட்டில்தான் இருக்கிறான். பக்கத்து ஊரில் புதிதாக ஒரு தொழிற்கூடம் திறந்திருக்கிறார்கள். விளக்குத்திரி, பாக்குமட்டைத் தட்டு செய்யக் கற்றுக்கொடுத்து வேலையும் தருவார்களாம். அழைக்க வந்தவர் அடையாள அட்டையின் அசல், வங்கிப் புத்தகம், முன்பணமாக 15,000 ரூபாய் கேட்கிறார். சேர்க்கலாமா?
– ஒரு தாய், பாபநாசம் வட்டம்

பதில்: மகனை வேலைக்கு அனுப்பத்தான் வேண்டும், அம்மா. ஆனால் அவர் கேட்ட மூன்றில் ஒன்றைக்கூடக் கொடுக்காதீர்கள்.

வேலை கொடுப்பவர் கூலி தருவார், முன்பணம் கேட்க மாட்டார். அடையாள அட்டைக்கு நகல் போதும். நகலிலும் குறுக்காகக் கோடு போட்டு, எதற்காக, யாரிடம், எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். என்னிடம் வந்த ஒரு குடும்பத்தின் பிள்ளை பெயர் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களின் வருகைப் பதிவேட்டில் இருந்தது. இரண்டு இடத்துக்கும் அவன் போனதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கையைக் காட்டி நன்கொடை வாங்குபவர்களுக்கு அவர்களின் அட்டைதான் மூலதனம். பிள்ளை வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான்.

அந்தத் தரகர் அறக்கட்டளைப் பத்திரத்தைக் காட்டி, “அரசில் பதிவு செய்திருக்கிறோம்” என்பார். அறக்கட்டளைப் பத்திரத்தை யார் வேண்டுமானாலும் பதியலாம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி நிறுவனத்துக்கு வழங்கப்படும் பதிவுச் சான்றிதழ். அதை எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டி வைக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. சுவரில் இல்லை என்றால் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

காகிதத்தைவிட முக்கியம், அரை நாள் அங்கே போய் உட்கார்ந்து பார்ப்பது. நல்ல தொழிற்கூடத்தை நான் ஒரு பலகையை வைத்தே கண்டுகொள்வேன். எண்ணத் தெரியாத ஒரு பையன் திரி கட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் முன்னால் இருபது பள்ளம் வெட்டிய மரப்பலகை இருக்கும். பள்ளத்துக்கு ஒரு திரி. எல்லாப் பள்ளமும் நிரம்பினால் ஒரு கட்டு. அவன் எண்ணவே வேண்டாம், தப்பவும் தப்பாது. இப்படி வேலையைப் பிள்ளைக்கேற்றபடி வெட்டிக் கொடுப்பதுதான் பயிற்சி. சுவரோரமாக நாற்காலியில் நாலு பேரை உட்கார வைத்துவிட்டு, யாராவது கேமராவோடு வரும்போது மட்டும் கையில் பஞ்சைக் கொடுக்கும் இடம் வேண்டாம்.

சரக்கு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நம் பகுதியில் திரிக்குச் சந்தை இருக்கிறது. திருநள்ளாறு, ஆலங்குடி, திருநாகேஸ்வரம் என்று நவக்கிரகக் கோயில்களுக்கு ஆண்டு முழுவதும் கூட்டம் வருகிறது. விளக்குப் போடாமல் போகிறவர்கள் குறைவு. எந்தக் கடை வாங்குகிறது, கார்த்திகை தீபம் முடிந்தபிறகு ஆர்டர் குறையும் மாதங்களில் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று கேட்டால் உண்மையாக நடத்துபவர் உடனே பதில் சொல்வார். மற்றவர் சேவையைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

பயிற்சி எந்தத் தேதியில் முடியும், அடுத்த நாளிலிருந்து கூலி எவ்வளவு என்பதை எழுதி வாங்குங்கள். முப்பது வயதைத் தாண்டியும் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் நாள் முழுக்கத் தட்டு அழுத்திக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தட்டில்தான் ஊர்க் கல்யாணங்களில் சாப்பாடு. அவர்கள் கைக்கு வந்தது தேநீரும் பிஸ்கட்டும்.

வங்கிக் கணக்குக்கு வருகிறேன். 18 வயது முடிந்துவிட்டால், பெற்ற தாயானாலும் சட்டப்படி நீங்கள் தானாகவே பாதுகாவலர் அல்ல. தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர் அளவிலான குழு பாதுகாவலர் சான்று தரும். அதை வங்கிகள் ஏற்க வேண்டும். குழு எப்போது கூடும் என்று கேட்டால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பதில். எழுபது வயதுத் தாய்மார்கள் வளர்ந்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகப் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கு உடம்பில் தெம்பு இருக்கும்போதே விண்ணப்பியுங்கள். நினைவூட்டல் மனுவைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்து, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். இதற்குத் தரகர் தேவையே இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை நிறுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் கணவர் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரோ நீங்களோ அரசு ஓய்வூதியர் என்றால், முதல் கூலியைக் கையில் வாங்கும் முன் சற்று நில்லுங்கள். உங்கள் இருவர் காலத்துக்குப் பிறகு மகனுக்கு வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்க வழி இருக்கிறது. ஆனால், அவன் தானே சம்பாதித்துப் பிழைக்க முடியாதவன் என்பது அதன் அடிப்படை. சிறு கூலியைக் காட்டி, பின்னாளில் யாராவது கோப்பை மூடிவிடக்கூடாது. மத்திய அரசு 2021-இல் இதைத் தளர்த்தியது: பிள்ளையின் சொந்த வருமானம், இறந்தவர் கடைசியாக வாங்கிய ஊதியத்தின் 30 சதவீதமும் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகைக்குக் குறைவாக இருந்தால் போதும். மாநில அரசு ஓய்வூதியம் என்றால் கருவூலத்தில் எழுத்தில் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள், வாய்மொழியை நம்பாதீர்கள். எந்த அரசானாலும், நீங்கள் இருவரும் இருக்கும்போதே மகன் பெயரை ஓய்வூதிய ஆவணத்தில் சேர்க்க மனுக் கொடுங்கள். இதற்காக வேலையே வேண்டாம் என்று அவனை மறுபடி வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் முதல் இரண்டு வாரம் நீங்களும் கூடப் போங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணம் இலவசம். தினமும் ஒரே பஸ், முடிந்தால் ஒரே இருக்கை. நடத்துநரிடம் அவன் பெயரையும் இறங்கும் இடத்தையும் சொல்லி வையுங்கள். மூன்றாவது வாரம் நீங்கள் பின்படிக்கட்டில் ஏறிக்கொண்டு, அவனை முன்னால் தனியாக உட்காரச் சொல்லுங்கள்.