அமெரிக்காவில் துப்பாக்கி வாங்க எத்தனை வயது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவில் பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும், துப்பாக்கி வாங்க 18 போதும் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், திருச்சி

பாதி உண்மை. 1968-ம் ஆண்டு மத்தியச் சட்டப்படி, உரிமம் பெற்ற கடைக்காரர் நீளத் துப்பாக்கிகளான ரைஃபிள், ஷாட்கன் இரண்டையும் 18 வயது நிரம்பியவருக்கு விற்கலாம். மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் 21. பிஸ்டலும் ரிவால்வரும் இந்த 'மற்ற'வற்றில் அடக்கம். தோட்டாவுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். .22 தோட்டா ரைஃபிளிலும் பிஸ்டலிலும் போகும். 19 வயதுப் பையன் கேட்டால், ரைஃபிளுக்குத்தான் என்று கடைக்காரருக்குத் திருப்தி வந்தால் கொடுக்கலாம்.

அந்த 'மற்ற' என்ற சொல் எங்கே இடிக்கிறது பாருங்கள். ஏ.ஆர்.-15 ரைஃபிளை முழுதாக வாங்க மத்தியச் சட்டத்தில் 18 போதும். விசைப் பாகங்கள் பொருத்தும் நடு உடலான 'ரிசீவரை' மட்டும் கேட்டால் 21 ஆக வேண்டும். தனி ரிசீவர் ரைஃபிளும் இல்லை, ஷாட்கன்னும் இல்லையே.

கடைக்குப் போகாமல் தனி ஆளிடம் வாங்கினால் வரம்பு இன்னும் தளரும். கைத்துப்பாக்கிக்கு 18. ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் மத்தியச் சட்டத்தில் வயது வரம்பே கிடையாது. இந்த ஓட்டையை மாநிலங்கள்தான் அடைக்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: புளோரிடா வயதை 21 ஆக்கியதே, அது செல்லுபடியானதா? – வாசகர், மதுரை

ஆனது. 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாண்ட் ஊர்ப் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்கள். சுட்டவனுக்கு வயது 19. ரைஃபிளைக் கடையில் சட்டப்படியே வாங்கியிருந்தான். 23 நாள் கழித்து, மார்ச் 9 அன்று, குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். எந்தத் துப்பாக்கியானாலும் வாங்குபவருக்கு 21 ஆகியிருக்க வேண்டும். போலீஸ், சிறைக் காவலர், படைவீரர் ஆகியோருக்கு ரைஃபிள், ஷாட்கன்னில் மட்டும் விலக்கு. மீறினால் 5 ஆண்டு வரை சிறை.

தேசிய ரைஃபிள் சங்கம் அன்றே வழக்குப் போட்டது. 2025 மார்ச் 14 அன்று 11-வது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு 8-க்கு 4 என்று சட்டத்தை நிலைநிறுத்தியது. அமெரிக்கா உருவான காலத்தில் 21 நிரம்பாதவர் சட்டப்படி 'மைனர்'. பொதுவாகத் தன் பெயரில் ஒப்பந்தம் செய்து பொருள் வாங்க அவருக்குத் தகுதி இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் 5-வது வட்டார நீதிமன்றம், 18 முதல் 20 வயதினருக்குக் கடைகள் கைத்துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் மத்தியச் சட்டம் அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. துப்பாக்கிக் கட்டுப்பாடு நாட்டின் வரலாற்று மரபோடு பொருந்த வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 2022-ன் புரூயன் தீர்ப்புக்குப் பிறகு எல்லா வழக்கும் பழைய வரலாற்றைத் தோண்டுவதிலேயே போய் நிற்கிறது. ஒரே வரலாற்றை இரண்டு நீதிமன்றம் இரண்டு விதமாகப் படிக்கின்றன.

எங்கள் கவலை வேறு இடத்தில். புளோரிடா சட்டம் தடுப்பது வாங்குவதை, வைத்திருப்பதை அல்ல. 18 வயது மகனுக்கு அப்பா ரைஃபிளைப் பரிசாகக் கொடுக்கலாம். துப்பாக்கியைப் பூட்டி வை என்று சொல்லும் அந்த மாநிலத்துச் சட்டமும் 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. ஆக, 17 வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் பூட்டுப் போடுவது பெற்றோர் தாமாகச் செய்ய வேண்டிய வேலை.

கேள்வி: மகன் பணம் கொடுத்து, அப்பா பெயரில் வாங்கினால்? – வாசகர், கோவை

குற்றம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். உண்மையான வாங்குபவர் நீங்கள்தானா என்று அதில் கேட்கிறது. சொந்தப் பணத்தில் வாங்கி மனமாரப் பரிசளித்தால் 'ஆம்' எனலாம். மகன் பணத்தில், மகனுக்காக வாங்கிவிட்டு 'ஆம்' போட்டால் பொய் வாக்குமூலம்.

கேள்வி: 21-க்குக் கீழ் உள்ளவர்களுக்குத் தனிச் சோதனை உண்டாமே? – வாசகர், சேலம்

2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் 18-வது பிறந்தநாளுக்குப் பிறகு சில நாளிலேயே இரண்டு ரைஃபிள் வாங்கியிருந்தான். அடுத்த மாதம் வந்த மத்தியச் சட்டம் வயதைத் தொடவில்லை, வாங்குபவரின் பின்னணிச் சோதனையை நீட்டியது. வழக்கமாக அந்தச் சோதனைக்கு 3 வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 21-க்குக் கீழ் என்றால் சிறார் நீதிமன்ற ஆவணம், மனநல ஆவணம், உள்ளூர் போலீஸ் மூன்றையும் விசாரிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 10 வேலை நாள் வரை நிறுத்தலாம். சிறார் ஆவணத்தைப் பகிர இடம் தராத மாநிலங்களில் இது பலவீனப்படுகிறது. கேட்ட கேள்விக்குப் பதிலே வராது.

கேள்வி: தம்பி குடும்பம் எச்-1பி விசாவில் டல்லாஸில் இருக்கிறது. எச்-4 விசாவில் இருக்கும் அவர் மகனுக்கு 19 வயது. நண்பர்கள் துப்பாக்கி சுடும் மையத்துக்குக் கூப்பிடுகிறார்கள். போகலாமா? – வாசகி, தஞ்சாவூர்

அம்மா, இங்கே வயதைவிட விசாதான் முக்கியம். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியக் குற்றம். மையத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் நாடு கடத்தவும் வழி இருக்கிறது. உரிமம் இல்லாமல் போக வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. வயது விதி மட்டும்தான்.

கேள்வி: நம் நாட்டில்? – வாசகர், நெல்லை

1959 ஆயுதச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி 21. ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருப்பதால் எல்லா மாநிலத்துக்கும் ஒரே வயதுதான். பயிற்சியில் சுடும் இளம் வீரர்களுக்கு விதிகளுக்கு உட்பட்டுத் தளர்வு உண்டு.