வில்லிசை மிக்ஸ் செய்யவும் பாட்டுக் கேட்கவும் எந்த ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் வாங்கலாம்?

வள்ளியூர்ப் பக்கம் ஒரு வில்லிசைக் குழுவின் பாட்டுகளை வீட்டிலேயே பதிவு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். மிக்ஸ் பார்க்கவும் (பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துச் சேர்க்கவும்) ராத்திரி நிம்மதியாகப் பாட்டுக் கேட்கவும் ஒரே ஹெட்ஃபோன் போதுமா, ஓப்பன் பேக்கில் எதை வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி. நானும் பாளையங்கோட்டையில் வீட்டு அறையில் இதே வேலையைத்தான் பார்க்கிறேன். கோயில் கொடை, அதாவது ஊர்க் கோயில் திருவிழாப் பதிவுகள்தான் அதிகம் வரும். அதனால் நம்ம ஊர்ச் சத்தங்களை வைத்தே சொல்கிறேன்.

என் பதில் சென்ஹைசர் எச்டி 600. அவ்வளவு செலவழிக்க முடியாது, ஹெட்ஃபோனுக்குச் சக்தி கூட்டித் தரும் ஆம்ப் தனியாக வாங்கவும் வழியில்லை என்றால் அதே கம்பெனியின் எச்டி 560எஸ். மிக்ஸுக்கும் கேட்பதற்கும் ஒன்றே போதும். ஆனால் பாடுகிறவர் தலையில் ரெக்கார்டிங் நேரத்தில் இதை மாட்டக் கூடாது. ஓப்பன் பேக்கின் பின்பக்கம் வெறும் வலைதான். டிரைவரின் (உள்ளே சத்தம் எழுப்பும் பகுதியின்) பின்னால் போகும் சத்தம் மூடிய கிண்ணத்தில் மோதித் திரும்பாமல் வெளியே போய்விடுவதால்தான் கேட்பதற்கு அடைப்பில்லாமல் இருக்கிறது. அதே சத்தம் மைக்கிலும் போய் விழும். பாடுகிறவருக்கு விலை குறைந்த குளோஸ்டு பேக் ஒன்று தனியாக இருக்கட்டும்.

சரி, ஏன் எச்டி 600? வில்லிசை என்பது கதை. புலவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும், பக்கப்பாட்டுக்காரர் போடும் ‘ஆமா’வும் தெளிவாக விழுந்தால்தான் கேட்கிறவர் உட்கார்ந்திருப்பார். மனிதக் குரலின் உயிர் நடு அலைவரிசையில் இருக்கிறது. அந்த இடத்தில் இந்த ஹெட்ஃபோன் எதையும் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. 1997-இல் வந்த மாடல், இன்னும் ஸ்டுடியோக்காரர்கள் விடவில்லை என்றால் காரணம் அதுதான். இதன் தம்பி எச்டி 650 கொஞ்சம் இதமாக, மேல் பகுதி சற்று அடங்கிக் கேட்கும். பாட்டுக் கேட்க மட்டும் என்றால் நான் 650-ஐத்தான் எடுப்பேன். மிக்ஸும் சேர்ந்தது என்றால் 600.

ஒரு விஷயத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததால் சொல்கிறேன். ஒரு கொடையில் பதிவு செய்த வில்லிசையை மிக்ஸைத் தொடுவதற்கு முன்னால் அப்படியே போட்டு, எச்டி 600-ஐப் புலவர் அண்ணாச்சி தலையில் மாட்டிவிட்டேன். வீசுகோல் வில்லில் படும்போது மணிகள் குலுங்குவதும், அவை ஓய்ந்தபின் கொஞ்சநேரம் நிற்கும் கார்வையும் அவருக்குக் கேட்டது. உடுக்கையின் கயிற்றை அழுத்தும்போது சுருதி ஏறி இறங்குவதைக் கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே காட்டினார். அப்புறம் சட்டென்று கழற்றிவிட்டு, “தம்பி, எல்லாம் கேக்கு. குடம் மட்டும் கெணத்துக்குள்ள கெடந்து அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். கேட்டது சரிதான். அன்றைக்குக் குடத்தின் வாய்க்கு நேரே மைக் வைக்க இடமில்லாமல் தள்ளி வைத்திருந்தது. மட்டை வாயில் விழும் அந்த அடி, தூரத்து மைக்கில் மங்கிப்போயிருந்தது. பதிவில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதை ஹெட்ஃபோன் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒலிப்பொறியாளர் காதும் வேண்டாம், நாற்பது வருடம் வில்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காதுக்கு இது உடனே பிடிபட்டது.

இதன் குறையும் இங்கேதான் வருகிறது. எச்டி 600-இல் சுமார் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் படிப்படியாக இறங்கிவிடும். குடத்தின் அடிநாதம், தவிலின் தொப்பிப் பக்கத்து அடி, உறுமி இழுப்பு இவையெல்லாம் கொஞ்சம் மெலிந்துதான் கேட்கும். அதை நம்பி பேஸைக் கூட்டிவிட்டால், கார் ஸ்பீக்கரில் போடும்போது கதவு அதிரும். உங்களுக்கு மேளம்தான் முக்கியம், நையாண்டி மேளமும் தவிலும்தான் அதிகம் பதிவு செய்கிறீர்கள் என்றால் பிளேனர் வகையைப் பாருங்கள். ஹைஃபைமேன் சுந்தரா நல்ல உதாரணம். சாதாரண டிரைவர் போலச் சுருள் ஒட்டிய இடத்தில் மட்டும் தள்ளப்படாமல், மெல்லிய படலம் முழுவதுமாக அசைவதால் அடிநாதம் கீழே வரை சீராக இறங்கும். ஆனால் எடை 372 கிராம். எச்டி 600 வெறும் 260. மூன்று மணிநேரம் உட்கார்ந்தால் கழுத்துக்கு வித்தியாசம் தெரியும்.

பையர்டைனமிக் டிடி 990 புரோவைப் பலரும் சொல்வார்கள். விலையும் இதமாக இருக்கும், காதுக்கும் மெத்தென்று இருக்கும். ஆனால் அதில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர்மையான ஏற்றம் இருக்கிறது. ‘ச’வும் ‘ஸ’வும் குத்தும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது அந்தக் கூர்மை இன்னும் கூடிவிடும். குத்துகிறதே என்று நீங்கள் மிக்ஸில் மேல் பகுதியைக் குறைப்பீர்கள். அதே பாட்டை மற்றவர்கள் சாதாரண ஸ்பீக்கரில் கேட்கும்போது போர்வை போர்த்திய மாதிரி மங்கலாக இருக்கும். காருகுறிச்சி அருணாசலம் வாசித்த மண்ணில் நாதஸ்வரத்தை மங்கவிடுவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். ஹெட்ஃபோன் எந்தப் பக்கம் மிகைப்படுத்துகிறதோ, மிக்ஸ் அதற்கு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். வாங்கும்போது இதை மட்டும் நினைவில் வைத்தால் பாதி குழப்பம் தீர்ந்தது.

எதையும் மிகைப்படுத்தாத ஹெட்ஃபோனை ‘ரெஃபரன்ஸ்’ என்பார்கள், அதற்காக அலைவரிசை வரைபடத்தில் நேர்கோடு என்று நினைக்க வேண்டாம். ஸ்பீக்கர் சத்தம் அறைச் சுவரிலும் நம் காது மடலிலும் பட்டுத்தான் உள்ளே வருகிறது. ஹெட்ஃபோன் காதோடு ஒட்டியிருப்பதால் அந்த மாற்றத்தைத் தானே கொடுத்தாக வேண்டும். ஹார்மன் என்ற ஆடியோ கம்பெனியில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் கேட்பவர்களை உட்காரவைத்து ஆய்வு செய்து, பெரும்பாலானோருக்குப் பிடிக்கும் வளைவு ஒன்றைக் கொடுத்தார்கள். இணையத்தில் ‘ஹார்மன் டார்கெட்’ என்று வருவது அதுதான். அதில் கீழ் நாதம் எச்டி 600-ஐ விடக் கூடுதல். கேட்கும் நேரத்தில் மட்டும் ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் வசதியில்) 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே மூன்று நான்கு டெசிபல் ஏற்றிக்கொண்டால் சினிமாப் பாட்டும் நிறைவாக இருக்கும்.

ஆம்ப் விஷயம். எச்டி 600-இன் மின்மறுப்பு 300 ஓம். போனில் நேரே செருகினால் சத்தம் வரும், ஆனால் வில்லிசையில் புலவர் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்து குடமும் உடுக்கையும் ஒன்றாக எழும் இடம் அமுங்கிவிடும். மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஓரளவு நல்லதாக இருந்தால் அதுவே பல நேரம் போதும், ஹெட்ஃபோன் குமிழை முக்கால்வாசிக்கு மேல் திருப்ப வேண்டியிருந்தால் மட்டும் ஆம்ப் பற்றி யோசியுங்கள். எச்டி 560எஸ் 120 ஓம்தான், சுலபமாக ஓடும். ஓம் குறைவு என்றாலே சுலபம் என்றும் இல்லை. சுந்தராவுக்கு ஓம் குறைவு, ஆனால் உணர்திறனும் குறைவு, அதனால் சக்தி கேட்கும்.

நம்ம ஊரில் ஓப்பன் பேக் வாங்குகிறவர் அறையைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். இதற்கு வெளிச்சத்தம் தடையே கிடையாது. சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்த முடியாது, ஃபேன் ஓடினால் மணிகளின் கார்வை கேட்காது. ஆனி ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று சன்னலை ஆட்டிக்கொண்டே இருக்கும். நான் பகலில் எடிட்டிங் மட்டும் வைத்துக்கொண்டு, மிக்ஸ் முடிவுகளை ராத்திரி பதினொரு மணிக்கு மேல் ஃபேனைக் கொஞ்சநேரம் அணைத்துவிட்டுத்தான் எடுப்பேன். ஃபேன் சத்தத்தை வெல்லச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். 85 டெசிபலில் எட்டு மணிநேரம் தாங்கும் காது, மூன்று மூன்று டெசிபல் கூடக் கூடப் பாதிப் பாதி நேரம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. 94-க்குப் போனால் ஒரு மணிநேரம்தான்.

வெயிலுக்கு ஒரு நல்ல விஷயமும் உண்டு. எச்டி 600-க்கும் 560எஸ்ஸுக்கும் துணி உறைதான், ரெக்சின் மாதிரி வியர்வையில் உரியாது. ஆனால் உறை நாளடைவில் அமுங்கும், காது டிரைவருக்குப் பக்கத்தில் போகும், சத்தமும் மாறிவிடும். எச்டி 600-இல் உறை, கேபிள், தலைப்பட்டை எல்லாமே தனித்தனியாகக் கிடைக்கும், நாமே மாற்றலாம். பழைய வண்டியை ஓட்டி ஓட்டிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது பெரிய ஆறுதல். புதிதில் காதை இறுக்கிப் பிடிக்கும், போகப்போகத் தளரும்.

எவ்வளவு நல்ல ஹெட்ஃபோனிலும் இடது காதுக்கு இடது சத்தம் மட்டும்தான் போகும், ஸ்பீக்கர் போல இரண்டு காதிலும் கலக்காது. அதனால் இடம் வலமாகப் பிரித்து வைத்தது உண்மையைவிட அகலமாகத் தெரியும். முடித்த பாட்டை ஒருமுறை இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில், ஒருமுறை போன் ஸ்பீக்கரில் கேளுங்கள். கொடைக்குப் போடப்போகும் பாட்டு என்றால் மைக் செட்காரரிடம் கேட்டு அவருடைய குழாயிலும் ஒரு தரம் ஓடவிடுங்கள். குழாயில் கீழ் நாதம் கிட்டத்தட்ட வராது, குரல் மட்டும் நின்றால் மிக்ஸ் சரி.

திருநெல்வேலியில் இவற்றை மாட்டிக் கேட்டுப் பார்த்து வாங்கும் கடை எனக்குத் தெரிந்து இல்லை. ஆன்லைனில் எடுக்கும்போது திருப்பிக் கொடுக்கும் வசதியும் இந்திய வாரண்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் இன்டர்ஃபேஸ் எந்த மாடல் என்று எழுதினால், 300 ஓமை அது இழுக்குமா, 560எஸ்ஸோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று சொல்கிறேன்.